பிரைமரி மெம்பர்

நான் போனது போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவதற்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை எல்லாம் நான் திட்டம் போட்டுச் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. திட்டம் போடும் அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரம் பார்க்கிறவன். அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளவுக் கருவியில் நுழைத்துப் பார்ப்பேன். மயிரிழை தவறினாலும் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுவேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. இதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. உலகத்தில் எல்லோரையும் கருவியில் நுழைத்துப் பார்ப்பேன், என்னைத் தவிர.

கம்பெனியில் யாருக்காவது லோன் பேப்பர், இன்சூரன்ஸ் பேப்பர் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை எல்லாம் படித்துச் சொல்வேன். "பொடி எழுத்தைப் படிக்காம கையெழுத்துப் போடறவன் கண்ணைக் கட்டிகினு கெணத்துல குதிக்கிறவன்" என்பேன். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே நாலு பேர் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காகவே நான் வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

அப்படிப்பட்ட நான், ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடை வாசலில் போட்டிருந்த குடையின் கீழ் பன்னிரண்டு பக்கத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

குடையின் கீழ் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். இப்போது சிம் விற்கிறார், முன்பு குக்கர் விற்றவராம், அவரே சொன்னார். உள்ளே கிளாஸ் ஒட்டுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். "வெயில்ல நிக்காதீங்க சார், இப்படி உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கேயே பாதி தோற்றுவிட்டேன்.

"சார், ஊட்ல எத்தினி நம்பரு?"

"ரெண்டு. பொண்ணு சேலத்துல ஹாஸ்டல்ல கீது, அதுக்கு ஒண்ணு."

"மூணுத்துக்கும் தனித்தனியா ரீசார்ஜா? இன்னா சார் நீங்க, படிச்சவரு மாதிரி கீறீங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஃபேமிலி பிளான்ல வாங்க சார். நீங்கதான் பிரைமரி மெம்பரு. மத்தவங்க எல்லாம் உங்களுக்குக் கீழ, செகண்டரி. எல்லா நம்பரும் உங்க பேருக்கு வந்துடும். யாரு எவ்ளோ நெட்டு யூஸ் பண்றாங்கன்னு நீங்க பாத்துக்கலாம். வேணாம்னா நிறுத்தலாம். எல்லாம் உங்க கையில."

இதில் எந்த இடத்தில் எனக்கு மணி அடித்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு வேறு மணி அடித்தது. பிரைமரி. கம்பெனியில் நான் உதவித் தரப் பரிசோதகர். இருபத்திரண்டு வருடமாக அந்த 'உதவி' போகவில்லை. தெருச் சங்கத்தில் துணைப் பொருளாளர். வீட்டில் எனக்கு ஒரு பதவியும் கிடையாது, வாடிக்கையாளர்கள் வந்தால் செருப்பை ஓரமாகத் தள்ளி வைக்கிற வேலை மட்டும் உண்டு. ஒரு மனிதர், வெயில் நேரத்தில், ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, நீங்கதான் பிரைமரி என்கிறார். உச்சி குளிர்ந்துவிட்டது.

வாடிக்கையாளர்கள் என்று சொன்னேன் இல்லையா, அவர்கள் என் மனைவியின் வாடிக்கையாளர்கள். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் அவள் பிளவுஸ் தைக்கிறாள். வாசலில் போர்டு. போர்டில் அவள் நம்பர். கல்யாணத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே வாங்கிய முதல் சம்பளத்தில், அவள் பெயரில் எடுத்த நம்பர் அது. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் வீடு மாறினோம், போன் நாலு மாறியது, நம்பர் மாறவில்லை. புதிதாகக் கட்டிய ஃபிளாட்டுகளில் இருந்து ஐ.டி. கம்பெனிப் பெண்கள் எந்நேரமும் அந்த நம்பருக்குக் கழுத்து டிசைன் படம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த நம்பரைத்தான் நான் செகண்டரி ஆக்கினேன். பெண்ணின் நம்பரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

அதற்கு அவளுடைய சம்மதம் வேண்டும், அதாவது அவள் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சிலிண்டர், ரேஷன், ரயில் டிக்கெட், பெண்ணின் காலேஜ் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் நம்பரில் கிடக்கும். வேலையைச் செய்கிறவர் மற்றவரைக் கூப்பிட்டு, "நம்பரு வந்திருக்கும், சொல்லு" என்பார். மற்றவர் படித்துச் சொல்வார். எதற்கு என்று கேட்கிற வழக்கம் இல்லை. அவள் மெஷினை மிதித்துக்கொண்டே ஒற்றைக் கண்ணால் போனைப் பார்த்துச் சொல்வாள். நான் சிவப்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே சொல்வேன். வங்கிக்காரர்கள் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தும் அந்த ஆறு எண்களை நாங்கள் உப்பு, புளி கேட்பது போலக் கேட்டுக்கொள்வோம்.

"நம்பரு வந்திருக்கும், சொல்லு" என்றேன்.

மெஷின் சத்தம் கேட்டது. நின்றது. ஆறு எண்களைச் சொன்னாள். மறுபடி மெஷின் சத்தம்.

பிறகு அந்த மனிதர் பன்னிரண்டு பக்கமும் ஓடும் ஒரு பலகை அளவு திரையை நீட்டினார். விரலாலேயே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரி இருந்தது. "சோக்கா கீது சார்" என்றார். டெம்பர்டு கிளாஸ் ஒட்ட மறந்து வீட்டுக்குக் கிளம்பினேன்.

வழியில் அரைக் கிலோ வெங்காயப் பக்கோடா வாங்கினேன். பிரைமரி மெம்பர் வெறும் கையோடு வீட்டுக்குப் போகலாமா? சாப்பிட்டு முடித்ததும் சொல்லிக்கொள்ளலாம், இனிமேல் ரீசார்ஜ் கவலை உனக்கு இல்லை என்று ஒரே வரியில் போட்டால் முகம் எப்படி மலரும் என்று கற்பனை செய்துகொண்டே வண்டியை ஓட்டினேன். இரண்டு வேகத்தடைகள் எனக்குத் தெரியவே இல்லை.

வீட்டில் அவள் மெஷின் மேல் ஒரு காகிதத்தை விரித்து வைத்திருந்தாள். வங்கி விண்ணப்பம். கடைகளில் பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் டப்பா ஒன்று இருக்கிறதே, அதை வாங்கி முன்னறையில் வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆறு மாதமாக ஆசை. தையல் மெஷின் சத்தத்தில் போனில் மெசேஜ் வருவது கேட்பதில்லை. யார் பணம் போட்டார்கள், யார் 'போட்டுட்டேன் அக்கா' என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்று தெரிவதில்லை. அந்த டப்பாவை மாட்ட திங்கட்கிழமை காலை ஆள் வருகிறார்.

"வா, இத்த கொஞ்சம் பாரு. எங்க எங்க கையெழுத்துன்னு சொல்லு" என்றாள்.

பக்கோடாவை வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினேன். விண்ணப்பம் படிப்பது என் ராஜ்ஜியம்.

"ஊடு யாரு பேருல?" என்று தானே படித்து, "உன் பேரு" என்று சொல்லி எழுதினாள். "கரண்டு கார்டு?" என் பேர். "கேஸு?" அதுவும் என் பேர். ஒவ்வொன்றுக்கும் கணவர் என்று எழுதி, பக்கத்தில் என் ஆதார் நகல் ஒன்றைச் செருகினாள். அப்புறம் ஒரு வரியில் பேனாவை வைத்து நிமிர்ந்தாள்.

"செல்போன் நம்பரு கணக்கு வெச்சிகிறவங்க பேருலியே இருக்கணுமாம். அப்பதான் டப்பா தருவாங்களாம். இது ஒண்ணுதான் யோசிக்காம எழுதலாம்." என் முகத்தைப் பார்த்தாள். "என் நம்பரு என் பேருலதான கீது? எழுதட்டுமா?"

வாயில் பக்கோடா இருந்தது. அதை அப்போதுதான் உணர்ந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எழுது" என்றேன்.

எழுதினாள். எழுத்து எழுத்தாக அழுத்தி எழுதினாள். கடைசியில் ஒரு புள்ளியும் வைத்தாள், அந்த இடத்தில் புள்ளி தேவையே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல மனிதன் சொல்லியிருப்பான். நான் "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று பின்கட்டுக்குப் போய்க் குடைக்காரருக்குப் போன் செய்தேன். வீட்டில் எல்லாம் என் பெயரில் இருக்கிறது என்பது அந்தத் தாளைப் பார்க்கும் வரை எனக்கு ஒரு செய்தியாகவே தோன்றியதில்லை. அவள் பெயரில் இருந்த ஒன்றே ஒன்றையும் அன்று காலை ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் அவளையே எண்களைச் சொல்ல வைத்து. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட பயம் அதிகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நான் மனச மாத்திகினேன். அத்த கேன்சல் பண்ணுங்க" என்றேன்.

"யாரு? ஆங், காலையில வந்தீங்களே அண்ணாத்தே!" காலையில் சாராக இருந்த நான் மத்தியானத்துக்குள் அண்ணாத்தே ஆகியிருந்தேன். கையெழுத்துக்கு முன்னால் ஒரு மரியாதை, பின்னால் ஒரு மரியாதை. "பண்ணலாம், தாராளமா பண்ணலாம். இருபத்திநாலு மணி நேரம் டைம் கீது. நாளைக்கு பதினோரு மணி வரைக்கும். ஆனா கேன்சல்னு மெசேஜி அந்த நம்பர்லேர்ந்துதான் வரணும்."

"எந்த நம்பரு?"

"ஊட்ல நம்பருதான். சேத்தவங்க சொன்னா செல்லாது, சேந்தவங்கதான் சொல்லணும். பேப்பர்ல போட்டுகீதே, படிக்கலியா?"

டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டே தலையாட்டிய நாலு பேரும் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள்.

ஆக, காரியம் எளிது. அவள் போனை ஒரு நிமிடம் கையில் வாங்கி ஒரே ஒரு சொல்லை அனுப்ப வேண்டும். அவளுக்கு விஷயமே தெரியாமல் முடித்துவிடலாம். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கப் புறப்பட்டது.

முதல் முயற்சி நாலு மணிக்கு. "உன் போனு ரொம்ப ஸ்லோவா கீது, குடு, கிளீன் பண்ணித் தரேன்" என்றேன்.

"போன தபா கிளீன் பண்றேன்னு எட்டு பேரு அளவு படத்த அழிச்ச. ஃபிளாட்டு மேடம் ஒருத்தங்க பிளவுஸு கைல ஏறாம அழுதாங்க. தொடாத."

உண்மை. அந்த வழக்கில் நான் ஏற்கெனவே தண்டனை பெற்றவன்.

இரண்டாவது முயற்சி சாயங்காலம், அவள் குளிக்கப் போனபோது. எப்போதும் போனைக் கையோடு எடுத்துப்போய்க் குளியலறை ஜன்னல் மேல் வைப்பாள். அன்று பார்த்து மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். தெய்வம் இருக்கிறது என்று நினைத்தேன். எடுத்தேன். ஒன்பது புள்ளிகள் வந்தன. கோடு போட்டுத் திறக்க வேண்டும்.

பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அவள் எந்தக் கோடு போடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் அவள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன், இல்லை. என் பெயரின் முதல் எழுத்து இருக்குமோ என்று ஒரு நப்பாசை, போட்டேன், அதுவும் இல்லை. பெண்ணின் பெயர். இல்லை. ஒரு பிளவுஸ் கழுத்து மாதிரி வளைத்துப் பார்த்தேன். போன் கையில் துடித்தது. முப்பது விநாடி காத்திருக்கச் சொன்னது. அதே நேரம் குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். போனை மெஷின் மேல் வைத்துவிட்டு, கையில் கிடைத்த ஊசிப் பெட்டியை எடுத்து உள்ளே தீவிரமாகப் பார்த்தேன். ஒரு ஊசி விரலில் ஏறியது. திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றேன்.

"இன்னா தேடற?" தலையில் துண்டோடு கேட்டாள்.

"பட்டன்."

"டீ ஷர்ட்டு போட்டுகினு பட்டன் தேடறியா?"

அன்று வேறு முயற்சி எதுவும் செய்யவில்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு, பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மறுபடி ஓ.டி.க்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடைக் கூட்டம் ரோடு வரை நின்றது. குடைக்காரர் அப்போதுதான் குடையை விரித்துக்கொண்டிருந்தார். கெஞ்சினேன். நேரில் எழுதிக் கொடுக்கிறேன், ஆதார் நகல் தருகிறேன், அவள் கையெழுத்தோடு நகல் கைவசம் இருக்கிறது என்றேன். எங்கள் வீட்டில் எல்லோருடைய நகலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஒரு கட்டாக இருக்கும்.

அவர் குடையின் கம்பியைப் பிடித்தபடி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அவங்களுக்குத் தெரியாம சேத்த. சரி. இப்போ தெரியாமயே எடுக்கணுமா? ஊட்டுக்குப் போய் சொல்லு நைனா. நாலு வார்த்தை திட்டுவாங்க. அவ்ளோதான? அதுக்கு இங்க வந்து இன்னாத்துக்கு நிக்கற?"

குக்கர் விற்றவரிடம் அறிவுரை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பாகத்தைக் கருவியில் நுழைத்துப் பார்த்து, அது எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று சரியாகச் சொல்லிவிட்டார். பால் வாங்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்து முப்பத்தெட்டு. அவள் மேஜையில் ஒரு பட்டுத் துணியை விரித்து, சுண்ணக்கட்டிக் கோட்டின் மேல் வெட்டிக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் இருந்தது.

"பால் எங்க?"

"இல்ல. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னேன். டெம்பர்டு கிளாஸில் தொடங்கினேன். ஸ்டூல், பிரைமரி, செகண்டரி, ஓடிபி, பக்கோடா, ஒன்பது புள்ளி, ஊசி எல்லாம் சொன்னேன். பிரைமரி என்ற சொல்லுக்கு ஆசைப்பட்டேன் என்பதையும் சொன்னேன். "உன் நம்பரு என் பேருக்கு மாறிடும்னு அவர் சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் உன்னாண்ட கேக்கணும்னு தோணல. தப்புதான்" என்றேன்.

கத்தரி நிற்கவே இல்லை. கோட்டை விட்டு விலகவும் இல்லை. கழுத்து வளைவில் மெதுவாகத் திரும்பி, தோள் வரை போய், துணி இரண்டாகப் பிரிந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

அப்போது அவள் போனில் அலாரம் அடித்தது.

கத்தரியை வைத்தாள். அலாரத்தை நிறுத்தினாள். விரலால் ஒரு கோடு போட்டாள். எங்கள் வீட்டு நம்பர் பன்னிரண்டு, அதன் ஒன்றையும் இரண்டையும் சேர்த்தாற்போல ஒரு கோடு. எனக்குத் தோன்றவே இல்லை. போனைத் திருப்பி என்னிடம் காட்டினாள். மொபைல் கம்பெனியிலிருந்து வந்த மெசேஜ் ஒன்று, அவள் நம்பர் என் பெயருக்கு மாறுகிறது, வேண்டாமென்றால் ஒரு நாளுக்குள் பதில் அனுப்பலாம் என்று, நேற்று பதினொன்று ஐந்துக்கு வந்தது. அதற்குக் கீழே பதில் அடிக்கும் கட்டத்தில் 'கேன்சல்' என்ற ஒரே சொல், ஆங்கிலத்தில், அடித்துத் தயாராக இருந்தது. அனுப்பப்படவில்லை.

"பத்தே முக்காலுக்கு அலாரம் வெச்சிகினு இருந்தேன்" என்றாள். என் கண் முன்னாலேயே அதை அழுத்தினாள். இரண்டு விநாடியில் பதில் வந்தது. நீக்கப்பட்டுவிட்டதாம்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு ஸ்டூல்.

"உனுக்கு நேத்தே தெரியுமா?"

"நீ போனை வெச்ச அஞ்சாவது நிமிசம் மெசேஜி வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெர்யாதா?"

அப்படியானால் அந்த விண்ணப்பம்? 'என் பேருலதான கீது, எழுதட்டுமா' என்று என் முகத்தைப் பார்த்தது? மெஷின் மேல் விட்டுவிட்டுப் போன போன்? எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணினேன். ஒரு நாள் முழுக்க என்னைக் கருவியில் நுழைத்துப் பார்த்திருக்கிறாள்.

"அப்பவே அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

"அனுப்பியிருக்கலாம். நீயா சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

வெட்டிய துணியை மடித்தாள். "அனுப்பிட்டு கம்முனு இருந்திருப்பேன். உன்னாண்ட ஒண்ணியும் கேட்டிருக்க மாட்டேன்." மடிப்பை விரலால் அழுத்திக்கொண்டே, "அப்பால எப்பவும் ஒண்ணியும் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

ஏழு நிமிடத்தில் தப்பித்திருக்கிறேன். அந்த ஏழு நிமிடமும் என் சாமர்த்தியம் இல்லை, ஒரு குடைக்காரர் துரத்திவிட்டதால் கிடைத்தது.

திங்கட்கிழமை டப்பா வந்தது. ஆள் விண்ணப்பத்தைப் பார்த்தார், நம்பரைச் சோதித்தார், பெயர் சரியாக இருந்தது. சோதனைக்கு ஒரு ரூபாய் போட்டார். டப்பா பெண் குரலில் கணீரென்று அறிவித்தது. அவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். ஆனால் டப்பா வருவதற்கு முதல் நாள், அதே ஞாயிறு மத்தியானம், கறிக்குழம்பு சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஒரு சந்தேகம் வந்தது. அவள் நம்பர் வெளியே வந்துவிட்டது. என் நம்பர்? அதையும் அதே பிளானில்தானே மாற்றினேன்? அதை யார் ரத்து செய்தார்கள்? மணியைப் பார்த்தேன். ஒன்றரை. அவள் நம்பருக்காக ஓடின ஓட்டத்தில் என் இருபத்திநாலு மணி நேரமும் தீர்ந்துபோயிருந்தது. குடைக்காரரைக் கூப்பிட்டேன். "மூணு மாசத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது அண்ணாத்தே" என்றார். அனுதாபமாகத்தான் சொன்னார்.

ஆக, மூன்று மாதம் நான் ஒரு ஃபேமிலி பிளானில் தனியாக இருந்தேன். ஆப்பைத் திறந்தால் நடுவில் ஒரு வட்டம், அதில் நான், கீழே பிரைமரி மெம்பர் என்று போட்டிருக்கும். சுற்றிலும் காலி வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டல் குறி. குடும்பத்தைச் சேருங்கள் என்று வாரம் ஒரு மெசேஜ். பெண்ணிடம் கேட்டேன், வருகிறாயா என்று. "அம்மா எல்லாம் சொல்லிட்டாங்கப்பா" என்று சிரித்து வைத்துவிட்டாள். கம்பெனியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. லோன் பேப்பர் கொண்டுவந்தவர்களிடம் கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. அவள் ஓடிபி சொல்வது மாறிவிட்டது.

கோபமெல்லாம் இல்லை. சோறு போட்டாள், பேசினாள், கிண்டல் செய்தாள். ஆனால் "நம்பரு வந்திருக்கும், சொல்லு" என்றால், மெஷின் நிற்கும். "எதுக்கு?" என்பாள். சொல்வேன். "எவ்ளோ நாளைக்கு?" "யாரு பேருல?" "கேன்சல் பண்ணா எப்படி?" கேட்டு முடித்த பிறகுதான் எண்கள் வரும். அதற்குள் பாதி நேரம் எண்கள் காலாவதியாகிவிடும், மறுபடி வரவழைக்க வேண்டும். அவள் கேட்டது நியாயம். நான் கம்பெனியில் நாலு பேருக்குச் சொன்ன உபதேசத்தைத்தான் அவள் கடைப்பிடித்தாள். எனக்குத்தான் ஒவ்வொரு 'எதுக்கு'வும் சிவப்புப் பெட்டியில் விழும் சத்தமாகக் கேட்டது. பத்தொன்பது வருடமாக ஓசியில் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று, கிடைக்கும்போது அதற்கு ஒரு பெயர்கூட வைத்ததில்லை.

நாலாவது மாதத் தொடக்கத்தில் பெண்ணைப் பார்க்கச் சேலம் போக டிக்கெட் போட்டேன். டிக்கெட் கணக்கு அவள் நம்பரில். கம்பெனியில் சாப்பாட்டு நேரம். இப்போதெல்லாம் அவள் கேட்பதற்கு முன்பே நான் விவரம் சொல்லிவிடுவேன், குறுக்கு விசாரணை மிச்சமாகும் என்று. கூப்பிட்டேன். பின்னால் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு நம்பரு வந்திருக்கும். இது சேலம் டிக்கெட்டுக்கு, ரெண்டு பேருக்கு, வெள்ளிக்கிழமை போறதுக்கு மட்டும், உன் பேரும் என் பேரும் போட்டுகிறேன், வேணாம்னா முன்னாடி நாள் வரைக்கும் கேன்சல்..."

"நாலு, ஒம்போது, ஒண்ணு" என்றாள்.

"இரு, இன்னும் சொல்லி முடிக்கல."

"எனக்கு வேல தலைக்கு மேல கீது. எழுதிக்கோ. நாலு, ஒம்போது, ஒண்ணு, ஏழு, ஏழு, ரெண்டு."

மெஷின் நிற்கவே இல்லை. முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது.

ஆறு எண்களையும் டிபன் பாக்ஸ் மூடியில் விரலால் எழுதினேன். எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது. இருந்தாலும், "கேக்கல, இன்னொரு தபா சொல்லு" என்றேன்.

"காதுல இன்னா பஞ்சா? டிக்கெட்டு போயிடப்போவுது" என்று திட்டிவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.